ரிப்பேரும் டிஸ்ரிப்பேரும்

இங்கே யார்க்ஷயருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலை எங்கள் வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. வீட்டுக்காரர் மிஸ்டர் ஹிக்ஸுக்குப் போன் செய்து, "ஹீட்டர் ரிப்பேர், மிஸ்டர் ஹிக்ஸ்" என்றேன். "ஓ, ஸ்ப்ளெண்டிட்!" என்றார். வீடு உறைந்துகொண்டிருக்கும்போது ஒருவர் பிரமாதம் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். "யார் செய்தது?" என்று கேட்டார். குற்றவாளியைத் தேடுகிறார் என்று எண்ணி, "யாரும் செய்யவில்லை, அதுவாகவே" என்றேன். "அதுவாகவேயா?" "ஆமாம், அதுவாகவேதான்." அவர் மனம்விட்டுச் சிரித்தார். அந்த ஹீட்டரைப் பற்றித் தமக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் கோட்டு போட்டுக்கொண்டுதான் சோறு தின்றோம். மிஸ்டர் ஹிக்ஸ் வரவில்லை. ஏன் வரப்போகிறார்? அவரைப் பொறுத்தவரை ஹீட்டர் தன்னைத் தானே சரிசெய்துகொண்டுவிட்டது. என் மனைவி வசந்தா ராசிங்காபுரத்துக்காரி. பொறுமையை ஊரிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறியவள். "நீங்க மதுரையில பேப்பர்ல சோலி பார்த்தவருதான? ஒரு ஹீட்டருக்கு ஒழுங்கா நாலு வார்த்தை சொல்லத் தெரியலையே" என்றாள். நான் சொன்னது ஒரே வார்த்தை. அதுவும் ஆங்கில வார்த்தை. ஆங்கிலேயரிடம் ஆங்கில வார்த்தையைச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

கடைசியில், நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒருவர் வழி சொல்ல, நகராட்சிக்கு முறையிட்டேன்; அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுவரை நகத்தால் சுரண்டினார். ஜன்னல் ஓரத்துப் பூசணத்தைக் குனிந்து முகர்ந்தார். பிறகு, நோய்க்குப் பெயர் கண்டுபிடித்த வைத்தியரின் திருப்தியோடு, வீடு "டிஸ்ரிப்பேரில்" இருக்கிறது என்று அறிவித்தார். அவர் போனதும், "என்ன சொன்னாரு?" என்று வசந்தா கேட்டாள். டிஸ்ரிப்பேர் என்று சொல்கிறார் என்றேன். வசந்தாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். கனெக்‌ஷன், டிஸ்கனெக்‌ஷன். ஒன்று இருப்பது, மற்றது இல்லாதது.

"ரிப்பேர் இல்லைங்கிறானா? செவுத்துல பூசணம் பூத்துக் கெடக்கு. கண்ணு அவிஞ்சா போச்சு அந்த ஆளுக்கு?"

கவனிப்பில்லாமல் பாழாய்க் கிடப்பதற்குத்தான் இங்கே அந்தப் பெயர் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவள் சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் ஊர் போடியில் பஸ்சு ரிப்பேர் என்றால் பஸ்சு ஓடாது. ரேடியோ ரிப்பேர் என்றால் பாட்டு வராது. தொண்டை ரிப்பேர் என்றால் சளி, ஆளே ரிப்பேர் என்றால் அவனிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று பொருள். அப்படியானால் டிஸ்ரிப்பேர் என்பது எந்தப் பழுதும் இல்லாத நிலையாகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

மதுரைப் பத்திரிகையில் செய்தி திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த 'ரிப்பேர்' எனக்குத் தினசரித் தொல்லை. ஊர் நிருபர்கள் எல்லாரும் "பஸ் ரிப்பேர், பயணிகள் அவதி" என்று எழுதி அனுப்புவார்கள். நான் ரிப்பேரை அடித்துவிட்டுப் 'பழுது' என்று போடுவேன். இப்போது யோசித்தால், கோளாறு எங்கே நுழைந்தது என்று தெரிகிறது. பழுது என்பது நோய், பழுதுபார்ப்பது மருந்து. வெள்ளைக்காரன் ரிப்பேர் என்று மருந்துக்குத்தான் பெயர் வைத்திருந்தான். நாம் 'பார்ப்பதை' எடுத்து ஒரு பக்கம் போட்டுவிட்டு, ரிப்பேரைப் பழுதின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டோம். மருந்தின் பெயரை நோய்க்குச் சூட்டிய மக்கள் உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

டிஸ்ரிப்பேர் அதைவிட மோசமான சொல். எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்த முடியாது. கற்றுக்கொண்ட புதிதில் கடிகாரக் கடைக்குப் போய், என் கைக்கடிகாரம் டிஸ்ரிப்பேரில் இருக்கிறது என்று சொன்னேன். கடைக்காரப் பெண் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் லவ், கூரை ஒழுகுகிறதா?" என்று கேட்டாள். இந்த ஊரில் முன்பின் தெரியாத பெண்களும் லவ் என்றுதான் அழைப்பார்கள். அதற்குப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. டிஸ்ரிப்பேர் என்பது வீட்டுக்கு, கூரைக்கு, பாலத்துக்கு, சாலைக்கு. யாராவது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பொருள்களுக்கு. அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. யாரும் எதையும் டிஸ்ரிப்பேர் செய்வதில்லை. கட்டடம் தானாகவே நடந்துபோய் ஒரு குழியில் விழுவதுபோல அதில் 'விழுகிறது'. தள்ளியவனும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றவனும் இல்லை. பத்திரிகைக்காரன் கண்ணுக்கு உடனே தெரியும், அது எழுவாயைக் காணாமல் அடித்த வாக்கியம்.

இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டுதான் விடுப்பில் ஊருக்குப் போனேன். இங்கே வந்து ஐந்தாறு வருஷங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் நீண்ட விடுப்பு.

என் அக்கா பேச்சியம்மாளும் மச்சான் செல்லையாவும் போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஓர் ஏலக்காய்க் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். காட்டுக்குச் சொந்தக்காரர் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா என்றோ வாங்கிப் போட்ட நிலம். தமிழும் வராது, மலையில் புழங்கும் மலையாளமும் வராது. எங்கள் பக்கத்தில் அவருக்குப் பம்பாய் சார் என்றே பெயர். வருஷத்துக்கு ஒருமுறை போடிக்கு வந்து லாட்ஜில் தங்குவார். முழங்கால் வலி. ஜீப்பு போகும் தூரத்துக்கு மேல் அரை மணி நேரம் ஏறி நடக்க வேண்டும் என்பதால் காட்டுக்கு வரமாட்டார். மச்சான்தான் லாட்ஜுக்குப் போய்க் கும்பிட்டு நின்றுவிட்டு வருவார்.

மலையில் ஸ்டோர் என்று சொன்னால் சாமான் வைக்கும் இடம் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும், தட்டுகளில் பரப்பிய பச்சைக்காய் நிறம் மாறாமல் காயும். குழாயில் ஓட்டை விழுந்தால் புகை உள்ளே வந்துவிடும். காய் பழுப்பாகிவிடும், வாசனையும் கெட்டுவிடும். வியாபாரி உள்ளங்கையில் நாலு காயைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாலே போதும், சரக்கைத் தள்ளி வைத்துவிடுவான். மலை வழக்கப்படி செடி குத்தகைக்காரர் பாடு, கட்டடம் சொந்தக்காரர் பாடு. அக்காவும் மச்சானும் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டு, காய்ப்புக்காகக் காத்திருந்தார்கள். நான் போன வருஷம்தான் நல்ல காய்ப்புக்கு வந்திருந்தது. ஸ்டோர் மட்டும் சரியில்லை. அடுத்த காட்டுக்காரர் ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடிக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லியாச்சு மாப்ளே" என்றார் மச்சான். "அவரு 'ஸ்டோர்?'ங்கிறாரு. நான் 'ஸ்டோர் ரிப்பேர் சார்'ங்கிறேன். 'குட், குட்'டுன்னு முதுகுல தட்டிக் கொடுத்து அனுப்பிருறாரு. என்ன மனுசனோ!"

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஊருக்கு வந்து நாலு நாளில் காது பழையபடி போடிக் காதாகிவிட்டது. மச்சான் சொன்னது சரியாகவே பட்டது. பணக்காரனுக்குத் திமிர் என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

அந்த வருஷம் பம்பாய் சாருக்கு யாரோ முழங்காலைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. காட்டைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். வாடகைக்கு ஓட்டும் கருப்பையாவின் ஜீப்பில் அவர், மச்சான், துணைக்கு நான். ஜீப்பு நின்ற இடத்திலிருந்து, கையில் தடியோடு, அட்டை கடியோடு, நின்று நின்று ஏறினார். அக்கா ஸ்டோர் வாசலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். கூரைத் தகரத்தில் ஒரு பக்கம் காற்றில் பிய்ந்து மடங்கிக் கிடந்தது. குழாய் ஓட்டைகளில் சாக்கைத் திணித்து மண் பூசியிருந்தார்கள். பம்பாய் சார் கட்டடத்தைச் சுற்றி வந்தார். பிறகு மச்சானைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தக் கட்டடத்தை டிஸ்ரிப்பேரில் விழவிட்டிருக்கிறார்கள்."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். "என்னங்கிறாரு மாப்ளே?"

"ஸ்டோர் ரிப்பேராக் கெடக்குங்கிறாரு மச்சான்."

மச்சான் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அதைத்தானய்யா நானும் வருசா வருசம் சொல்லிக்கிட்டிருக்கேன்! இன்னைக்காவது அவரு வாயில வந்துச்சே!"

அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பம்பாய் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு வருடமும் ரிப்பேர் செய்துவிட்டதாக என்னிடம் சொன்னான். ஒவ்வொரு வருடமும். இப்போது சிரிக்கிறான். பொய் சொல்கிறவனிடம் என் நிலம் இருக்கக் கூடாது. இந்தப் பறிப்பிலிருந்தே வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லுங்கள்."

அப்போதுதான் எனக்கு மிஸ்டர் ஹிக்ஸின் ஸ்ப்ளெண்டிட் காதில் கேட்டது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னடா தம்பி, ரெண்டு பேரும் ஒரே சொல்லத்தான சொல்றாங்க, பெறகு அவரு ஏன் குதிக்கிறாரு?"

நான் பம்பாய் சாரிடம் என்னால் முடிந்த நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். தமிழில் ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது என்று பொருள், இவர் பொய் சொல்லவில்லை, உங்களிடம் முறையிட்டிருக்கிறார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நான்சென்ஸ். அது ஆங்கிலச் சொல். அதற்கு என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம்" என்றார். மச்சானிடம் திரும்பி, ரிப்பேர் என்றால் சரிபண்ணியாச்சு என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார் என்றேன்.

"சரிபண்ணுனா எதுக்கு ரிப்பேருங்கணும்? சரியாப்போச்சுன்னுல்ல சொல்லணும்?" என்றார் மச்சான். "இங்கிலீசு படிச்ச மனுசனுக்கு இதுகூடவா தெரியாது?"

இரண்டு பக்கமும் தங்கள் கட்சியில் அசைக்க முடியாத உறுதியோடு இருந்தார்கள். நடுவில் நின்ற எனக்கு இரண்டு பேரையும் பிடித்து முட்டவைக்கலாம் போலிருந்தது. அக்காவின் பார்வை மட்டும் ஸ்டோரைத் தாண்டிச் செடிகளின் அடியில் இருந்தது. தூரில் சரம் சரமாகக் காய் பிடித்திருந்தது. அதை வேறு யாரோ பறிக்கப்போகிறார்கள் என்பது அவளுக்கு மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்துவிட்டது.

இறங்கி வந்து ஜீப்பில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பு இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கருப்பையா இறங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்து, தலையை நீட்டி, "ரிப்பேர் சார்" என்றான்.

"குட்" என்றார் பம்பாய் சார். "போகலாம்."

கருப்பையா என்னைப் பார்த்தான். "என்னண்ணே, ஜீப்பு நின்னுபோச்சுங்கிறேன், குட்டுங்கிறாரு?"

பின்சீட்டிலிருந்து மச்சானின் குரல் வந்தது. "அதான் சரிபண்ணியாச்சுங்கிறாருல்ல மாப்ளே. அவரையே வெரசா ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பம்பாய் சார் புகை வரும் இன்ஜினைப் பார்த்தார், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கருப்பையாவைப் பார்த்தார். மேகம் ரோட்டின் குறுக்கே வந்து ஜீப்பை மூடிவிட்டுப் போனது. "ரிப்பேர்" என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேலேயிருந்து வந்த லோடு ஜீப்பு ஒன்று கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது. போடி லாட்ஜ் வாசலில் இறங்கியதும் பம்பாய் சார் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குத்தகை அப்படியே இருக்கும், அடுத்த மழைக்குள் தகரமும் குழாயும் அனுப்பிவைக்கிறேன், தமக்கு விஷயம் இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது என்றார். மச்சான் எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஒரு சொல்லைச் சரிசெய்து ஒரு காட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு நான் விமானம் ஏறினேன்.

இங்கே திரும்பி வந்து யோசித்தபோதுதான் ஒன்று உறுத்தியது. மிஸ்டர் ஹிக்ஸுக்கும் பிற்பாடு எல்லாம் புரிந்தது. நகராட்சி அதிகாரி அவருக்குப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். ஹிக்ஸ் தம் தவறை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார், அந்தக் கதையைத் தம் நண்பர்களிடம் சொல்வதாகவும் சொன்னார். ஹீட்டர் மட்டும் பனி விடும்வரை சரியாகவில்லை. சொல் புரியாததால்தான் காரியம் நடக்கவில்லை என்று நாம் நம்புகிறோம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம். மொழியை மட்டும் தேற்றிக்கொண்டால் கதவுகள் திறந்துவிடும் என்று ராத்திரிப் பள்ளிக்கெல்லாம் போகிறோம். புரிந்துகொண்ட பிறகும் ஒன்றும் செய்யாமல் இருக்க ஒருவரால் முடியும் என்பதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு பேசினேன். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையில் போன் இருக்கிறது. நான் இங்கே ஆபரேட்டரிடம் முன்கூட்டியே அழைப்பைப் பதிந்துவைப்பேன். அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து காத்திருப்பாள். அந்த வாரம் எங்கள் ஹீட்டர் மறுபடியும் நின்றுவிட்டிருந்தது. நான் கோட்டோடு நடையில் நின்று பேசினேன். இப்போதெல்லாம் ஹிக்ஸிடம் ரிப்பேர் என்று சொல்வதில்லை, நாட் வொர்க்கிங் என்று சொல்லப் பழகிவிட்டேன். அச்சகத்திலும் நாளெல்லாம் ஆங்கிலம்தான். லைனில் கடல் இரைவதுபோல ஒரு சத்தம். நலம் விசாரித்து முடிந்ததும் அக்கா சொன்னாள்:

"ஸ்டோர் ரிப்பேர்டா தம்பி."

"நல்லதாப் போச்சுக்கா!" என்றேன். "எப்ப முடிஞ்சது?"

இரைச்சலுக்கு நடுவே, கடையில் பக்கத்தில் நின்ற மச்சானிடம் அவள் சொல்வது கேட்டது: "இவனும் குட்டுங்கிறான்."

"இல்லைக்கா, இல்லைக்கா, வேற நெனப்புல இருந்துட்டேன், சொல்லு" என்று கத்தினேன். கத்தினால்தான் கேட்கும். அவள் சொன்னாள். தகரமும் வரவில்லை, குழாயும் வரவில்லை. மழையில் மிச்சக் கூரையும் இறங்கிவிட்டது. அடுத்த காட்டுக்காரர் இனிமேல் தன் ஸ்டோரில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது.

"பச்சைக்காயை வச்சுக்கிட்டு என்ன செய்றது? காட்டை விட்டுட்டு எறங்கிருவோமான்னு உங்க மச்சான் கேக்குறாரு. கேக்க ஆளில்லாம கெடக்குடா. நீ அவருக்கு வெளங்குற மாதிரி இங்கிலீசுல ஒரு வார்த்தை கேளு."

கேட்பாரற்று என்று நான் எத்தனையோ செய்தியில் எழுதியிருக்கிறேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பாலம், கேட்பாரற்றுக் கிடக்கும் கிணறு. எண்ணிப் பார்க்காமல் எழுதிய சொல். ஆங்கிலத்தில் கட்டடம் குழியில் விழுகிறது. தமிழில் கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கேட்க வேண்டிய ஆள்தான் காணாமல் போகிறான். அந்த ஆள் பம்பாயில் இருக்கலாம். யார்க்ஷயரிலும் இருக்கலாம்.

போனை வைத்ததும் வசந்தா சமையலறையிலிருந்து, "மதினி என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"ஸ்டோர் ரிப்பேராம்."

"அய்யோ!" என்றாள். கரண்டி கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "காய் பறிப்பு நேரமாச்சே!"

ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தச் சொல் அவளிடம் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

பம்பாய் சாரின் நம்பரை எடுத்தேன். டிஸ்ரிப்பேர் என்று ஆரம்பிக்கக் கூடாது. அப்படி ஆரம்பித்தால் அவரும் வருத்தப்படுவார், நானும் வருத்தப்படுவேன், மரியாதையாகப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். நீங்கள் சரிசெய்யவில்லை என்று ஆரம்பிக்க வேண்டும். 'நீங்கள்' என்று. எழுவாயோடு. பம்பாய்க்கு ஆபரேட்டர் வேண்டியதில்லை; நம்பரைச் சுழற்றினேன். வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "நல்லா உறைக்கிற மாதிரிக் கேளுங்க" என்றாள். அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில், இன்னொரு கையை நின்றுபோன ஹீட்டரின் ரேடியேட்டர் மேல் வைத்தேன். ஜில்லென்றிருந்தது. கையை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.